இறங்காத கல்

தன் சமாதியை மூடுவதற்கான கல்லைப் பூரணத்தம்மா தானே தேர்ந்தெடுத்தார். கிணற்றடியில் கிடந்த நீளமான பலகைக்கல். பக்கத்துக் குவாரியை மூடிய காலத்தில் யாரோ வெட்டிவைத்து, கொண்டுபோக வழியில்லாமல் விட்டுப்போனது. மடத்துக்கு வருகிறவர்கள் அதன்மேல்தான் துணி துவைப்பார்கள்.

"இதை வச்சு மூடிருங்க அண்ணாச்சி," என்றார்.

"துவைக்குத கல்லையா?" என்று கேட்டார் மாசானம்.

"ஏன், அழுக்கு எடுத்துப் பழகின கல்லுதான?"

மாசானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு அப்போதே வயிறு வீங்கத் தொடங்கியிருந்தது. கால்களும் வீங்கியிருந்தன. ஈரல் போய்விட்டது, அதிகம் போனால் மூன்று மாதம், இனி கேட்டதைக் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மடம் என்று சொன்னாலும் அது இரண்டு ஓட்டு வீடும் ஒரு கிணறும்தான். மலையடிவாரத்தில், ஊரிலிருந்து தள்ளி இருந்தது. அங்கே இருந்தவர்களும் இரண்டே பேர். பூரணத்தம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய சீடரான மாசானத்துக்கு அறுபத்தொன்று. குரு சின்னவராகவும் சீடர் பெரியவராகவும் இருந்ததில் ஊருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் வேடிக்கை. பிறகு பழகிவிட்டது.

மாசானம் தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரம் தூக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். பிறகு இந்தப் பக்கத்து டவுனில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்தார். மனைவி இறந்த பிறகு பட்டறைக்குப் போகவே பிடிக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. யாரோ சொல்லி இங்கே வந்தார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா என்று நின்றார்.

அன்றைக்கு அம்மா வழி எதுவும் சொல்லவில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க தொழில்ல முதல் பாடம் என்ன அண்ணாச்சி?"

"தொங்குத பாரத்துக்குக் கீழ ஆளு நிக்கக் கூடாது."

"ரெண்டாவது?"

"முதல் பாடத்தை மறக்கக் கூடாது."

"எங்கிட்டயும் அவ்வளவுதான் இருக்கு," என்று சொல்லி அம்மா அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாசானம் மடத்திலேயே தங்கிவிட்டார்.

*

குழியை ஊர்க்காரர்கள் கார்த்திகை மழைக்கு முன்பே வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். புங்க மரத்துக்குக் கீழே, சுற்றிலும் கல் கட்டி, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு. மூச்சு அடங்கியதும் அம்மாவை அதில் உட்காரவைத்து, திருநீறும் கற்பூரமும் போட்டு நிரப்பி, மேலே கல்லை வைக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சாமியார்களுக்கு வழக்கம் அதுதான்.

கல் மட்டும்தான் சிக்கல். கிணற்றடியிலிருந்து புங்க மரத்துக்கு ஒரு கூப்பிடு தூரம். எட்டுப் பேர் கடப்பாரை போட்டால் கல் அசைந்து கொடுக்குமே தவிர நகராது. கிரேன் வண்டியைக் கூப்பிடலாம் என்றால் வழியில் ஓடைப்பாலம் இருந்தது. மாட்டுவண்டி போகிற பாலம். கிரேன் ஏறினால் பாலமும் கிரேனும் சேர்ந்து ஓடைக்குள் கிடக்கும்.

அம்மாவின் அண்ணன் சங்கரபாண்டியன் அரிசி மண்டி வைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு டவுனிலிருந்து காரில் வந்து, பாலத்தோடு காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவர் வரும்போது அம்மா முறத்தில் நிலக்கடலையை வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்துத் தலையை அசைத்தார். எழுந்திருக்கவில்லை.

"பூரணம், வீட்டுக்கு வா."

"உட்காருண்ணே. முறத்துல கொஞ்சம் கிடக்கு."

"நான் என்ன சொல்லுதேன், நீ என்ன செய்யுத?"

"அரைகுறையா விட்டுட்டு நான் எந்திரிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொந்தத்தில் யாரோ செத்துப்போனார்கள் என்று ஆள் வந்து சொன்னபோதுகூட, கோலத்தை முடித்துவிட்டு எழுந்து அழுத பிள்ளை. சங்கரபாண்டியன் மண்ணிலேயே உட்கார்ந்து தங்கை முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். கடைசியில் அவரும் நாலு கடலையை உடைத்தார்.

முறம் காலியானதும் பேச்சு நடந்தது. அம்மா இங்கேதான் இருப்பேன் என்றார். அண்ணன் நம் வீட்டில் வந்து சாகு என்று சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் நிறுத்தினார். பிறகு வியாபாரி மாதிரி ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி, உன் இஷ்டம். ஆனா குழி ஒரு மூலைல கிடக்கு, கல்லு ஒரு மூலைல கிடக்கு. உன்னைக் குழிக்குள்ள வச்சுட்டு ரெண்டு நாளா கல்லைத் தள்ளிக்கிட்டு நிக்க என்னால ஆகாது. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. பங்குனி உத்திரத்துக்கு வாரேன். அன்னைக்குக் கல்லு குழிப்பக்கத்துல இறங்கி இருந்தா நீ சொன்னபடி. இல்லன்னா எங்கூட காருல ஏறிரணும். அப்புறம் எல்லாம் நம்ம குடும்ப வழக்கப்படி, சுடுகாட்டுலதான்."

"சரிண்ணே," என்றார் அம்மா.

சங்கரபாண்டியன் பாலம் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

அவர் போனதும் மாசானம் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க போயிட்டா நான் யாருகிட்டம்மா போவேன்?"

"முதல்ல கல்லு வரட்டும் அண்ணாச்சி."

*

மாசானத்துக்குத் தெரியாத வேலை இல்லை. கிரேன் வர முடியாத இடத்துக்கு கிரேனைக் கையில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பூட்டிக் கிடந்த தன் பட்டறையைத் திறந்தார். பழைய இரும்புக் கடையில் தடித்த குழாய்களும் உத்திரம் போல நீண்ட ஒரு கர்டரும் எடுத்தார். கர்டரைத் தாங்க இரண்டு பக்கமும் கால்களை அகலமாக விரித்து, குறுக்குக் கம்பி கொடுத்து, வெல்டிங் வைத்தார். மேடு பள்ளத்தில் நிற்க வேண்டுமே என்று ஒவ்வொரு காலையும் குழாய்க்குள் குழாயாகச் செய்தார். எந்தப் பக்கம் தரை தாழ்ந்திருக்கிறதோ அந்தக் காலை நீட்டி முளையைச் செருகிவிடலாம். அடியில் இரும்புச் சக்கரங்கள். மேலே கர்டரில் ஓடுகிற உருளை, உருளையில் தொங்கும் செயின் கப்பி. எல்லாம் போல்ட்டால் மாட்டியது. கழற்றினால் இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக்கொண்டு எந்த வரப்பிலும் போகலாம்.

மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மடத்து வாசலில் மாட்டி நிறுத்தினார். வீடு கட்ட ஆரம்பித்து நிலையை மட்டும் நட்டுவிட்டு ஓடிப்போனவன் வேலை மாதிரி அது தனியாக நின்றது.

அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்தார். "ஆயிட்டா அண்ணாச்சி?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."

உண்மையில் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா அப்படிக் கேட்ட நேரத்தில் மாசானத்துக்கு நிலக்கடலை முறம் ஞாபகம் வந்தது. அரைகுறையாக விட்டுவிட்டு அம்மா எழுந்திருக்க மாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் எழுந்து பார்த்ததில்லை. பாத்திரம் பாதி கழுவினபடி, பூ பாதி கட்டினபடி, வாசல் பாதி பெருக்கினபடி அம்மா எதையும் விட்டுப் போனது கிடையாது. அப்படியானால் இந்த வேலை முடியாமல் இருக்கிற வரைக்கும் அம்மா எங்கே போவார்?

கேட்டால் சிரிப்பீர்கள். பாரம் தூக்கியே தலை நரைத்த மனுஷன் இப்படி ஒரு கணக்குப் போடுவானா என்பீர்கள். மனைவியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த வீட்டில் தனியாகப் படுத்துப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து மாசானம் வேலை செய்தார். தன் வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறது என்று தானே அறுத்து, திரும்ப வைத்தார். சக்கரம் சரியில்லை என்று கழற்றினார். மாற்றிப் போட்டதும் சரியில்லை. செங்காவி பெயின்ட் காய வேண்டும் என்று ஒரு வாரம் போனது. நல்ல போல்ட் தூத்துக்குடியில்தான் கிடைக்கும் என்று ஒரு வாரம் போனது. அவருக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை அந்த மாதம் முழுக்க விடாமல் செய்தார்.

அம்மா தினமும் கேட்டார்.

"ஆயிட்டா அண்ணாச்சி?"

"இன்னும் கொஞ்சம்."

"சரி."

*

தை மாதம் பேச்சியம்மா அழுதுகொண்டு வந்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவள். அம்மாவைக் குளிப்பாட்டுவதும் கஞ்சி கொடுப்பதும் அவள்தான்.

"போருல மோட்டார் கருகிப்போச்சும்மா. கத்தரி பூரா வாடுது. முக்காலி போட்டுத் தூக்குத ஆளுங்களைக் கேட்டா அடுத்த மாசம்தான் வருவாங்களாம். அதுக்குள்ள செடி செத்துரும்."

அம்மா மாசானத்தைப் பார்த்தார். "நம்ம தூக்கு வண்டியைக் கொண்டுபோங்க அண்ணாச்சி."

"அது இன்னும் முடியலம்மா."

"முடிஞ்ச வரைக்கும் தூக்கட்டும்."

மாசானத்தால் மறுக்க முடியவில்லை. கழற்றினார். பேச்சியம்மாவும் அவள் புருஷன் சுடலைமுத்துவும் வரப்பு வழியாகத் துண்டு துண்டாகச் சுமந்தார்கள். போர்க் குழிக்கு மேலே மாட்டி நிறுத்தி, கால்களை ஏற்றி இறக்கி மட்டம் பார்த்து, சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார். பூமிக்குள்ளிருந்து குழாய் ஏறியது. ஒரு குழாய் வெளியே வந்ததும் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கழற்றி, அடுத்தது. கர்டர் முனகக்கூட இல்லை.

நடுவில் சுடலைமுத்து, தொங்கிக்கொண்டிருந்த குழாய்க்குக் கீழே குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏலே, வெளிய வா." மாசானம் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்தன. "தொங்குத பாரத்துக்குக் கீழ தலையைக் கொடுக்கியே. உனக்குப் பிள்ள குட்டி இல்லையா?"

சாயங்காலம் புது மோட்டார் இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பேச்சியம்மா மடத்துக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். புருஷனுக்குக் கிடைத்த திட்டைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி சத்தம் போட்டு இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றாள்.

மாசானம் திரும்பி வந்தபோது அம்மா விழித்திருந்தார்.

"வண்டி நல்லா தூக்குச்சாமே?"

"ஆமாம்மா."

"அப்ப ஆயிட்டு."



*

இனி முடியவில்லை என்று சொல்ல முடியாது. மாசி பிறந்ததும் கல்லை எடுத்தார். முதலில் பீப்பாய்களில் ஜல்லியை நிரப்பி, கல்லைவிட அதிக பாரத்தை ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்திப் பார்த்தார். தாங்கியது. பிறகு கல்லுக்கு அடியில் பெல்ட்டுகளைக் கோத்தார். சுடலைமுத்துவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு, தள்ளி, பின்னால் கிடந்த பலகையை எடுத்து முன்னால் போட்டு, கல்லைத் தரையோடு தரையாகக் கொண்டுபோனார்கள். அன்று முழுக்க மாசானம் அதட்டவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. நல்ல வேலைக்காரன் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு நிம்மதி. அம்மாவும் கட்டிலை வாசலுக்குப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புங்க மரத்தடியில், குழியை ஒட்டி, ரயில்வே சிலிப்பர் கட்டைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதன்மேல் கல்லை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. சமயம் வரும்போது கொஞ்சம் தூக்கி, குழிக்கு மேலே தள்ளி, இறக்கினால் போதும்.

கட்டைக்கு நேராகக் கல் வந்தது. முழங்கால் உயரம் ஏற்றினால் போதும். மாசானம் சங்கிலியை இழுத்துக்கொண்டே இருந்தார். கல் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. அவருடைய தலை உயரத்துக்குப் போனதும் நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு உசரம்?" என்று கேட்டான் சுடலைமுத்து.

"கட்டை சரியில்ல. உளுத்த கட்டை. வேற கட்டை வந்ததும் இறக்குதேன். நீங்க போங்க."

கட்டை உளுக்கவில்லை. ரயில் ஓடின கட்டை.

எல்லோரும் போன பிறகு மாசானம் கல்லைச் சுற்றி நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டினார், ஆடு மாடு கீழே போய்விடக் கூடாது என்று. கயிற்றுக்குப் பக்கத்திலேயே தன் பாயை விரித்தார். பாரத்தைத் தொங்கவிட்டு எந்த மேஸ்திரியும் வீட்டுக்குப் போக மாட்டான். போனால் அவன் மேஸ்திரி இல்லை. அதனால் மாசானம் போகவில்லை. அங்கேயே படுத்தார், அங்கேயே சாப்பிட்டார்.

கல் தொங்கியது. காற்று பலமாக அடித்தால் சங்கிலி லேசாகச் சத்தம் கொடுக்கும். மாசானம் எழுந்து கப்பியைப் பார்ப்பார். கப்பி பிடித்துக்கொண்டிருக்கும். திரும்பப் படுப்பார்.

அம்மா போகவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன காலம் எல்லாம் தாண்டிவிட்டது. தன் கணக்கு பலிக்கிறது என்று மாசானத்துக்குத் தோன்றியது. அந்த நினைப்பில் சந்தோஷம் இல்லை. அம்மாவால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வயிற்றில் நீர் ஏறி மூச்சு முட்டியது. ஒரு வாய் கஞ்சி உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வந்தது. வலி அதிகமாகும்போது அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். சத்தம் போட மாட்டார்.

ஒரு நாள் பேச்சியம்மா கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல மாசானத்திடம் சொன்னாள்.

"அந்த உசுரு எதுலயோ மாட்டிக்கிட்டு நிக்கு அண்ணாச்சி. இல்லன்னா இந்தப் பாடு படுமா?"

மாசானம் கல்லைப் பார்த்தார்.

"கட்டை வந்துட்டா?" என்று கேட்டாள்.

"வரல."

"எங்க வீட்டுல நல்ல புளியங்கட்டை கிடக்கு. கொண்டுவரவா?"

"வேண்டாம் தாயி."

பேச்சியம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மாசானம் சங்கிலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இறக்குவதற்கு இழுக்க வேண்டிய பக்கத்தைக் கையில் எடுத்தார். கை வரவில்லை. பயமா, ஆசையா என்று அவருக்கே தெரியவில்லை. சங்கிலியை விட்டுவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார்.

*

பங்குனி உத்திரத்தன்று காலையில் சங்கரபாண்டியன் வந்தார். கூட ஒரு டிரைவரும், மடக்கு ஸ்ட்ரெச்சரும். நேராகப் புங்க மரத்தடிக்குப் போனார். தலைக்கு மேலே தொங்குகிற கல்லையும், கீழே காலியாகக் கிடக்கிற கட்டைகளையும் பார்த்தார்.

"இறக்கலையா அண்ணாச்சி?"

"இல்ல தம்பி."

"என்ன குறை?"

மாசானம் தன் பாயைச் சுருட்டினார்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றார் சங்கரபாண்டியன். அவர் குரலில் கோபம் இல்லை. ஒருவேளை இப்படி ஆக வேண்டும் என்று அவரும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ. "தப்பா நினைக்காதீங்க. என் தங்கச்சியை நான் கூட்டிட்டுப் போறேன். கண்ணு முன்னால இருக்கட்டும்."

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் தன்னால் கெட்டது என்று மாசானத்துக்குப் புரிந்தது. முகத்தைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனார். கல் கிடந்த இடத்தில் புல் முளைக்காத நீளத் தடம் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் சங்கரபாண்டியன் தங்கையின் கையைப் பிடித்தார். "கிளம்புவோமா பூரணம்?"

"கிளம்புவோம்ணே. அதுக்கு முன்னால என்னைக் குழியடிக்குக் கொண்டுபோ. ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

அண்ணனும் பேச்சியம்மாவும் நாற்காலியோடு தூக்கினார்கள். வீங்கிய வயிற்றைத் தவிர அம்மாவிடம் கனம் எதுவும் இல்லை. கயிற்றடியில் வந்ததும் அம்மா இறக்கச் சொன்னார். பேச்சியம்மா புங்க இலைகளை ஒதுக்கித் தரையைச் சரிசெய்யக் குனிந்தாள்.

"அங்க இல்ல. அந்தக் கட்டைமேல."

சங்கரபாண்டியனுக்கு அரிசி தெரியும். பாரம் தெரியாது. கயிற்றைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்த் தங்கையைச் சிலிப்பர் கட்டையின்மேல் உட்காரவைத்தார். நிழலாகத்தானே இருக்கிறது என்று நினைத்தார். தலைக்கு மேலே இருந்தது மர நிழல் மட்டும் இல்லை.

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த புங்க இலைகளைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க," என்றார் அம்மா. "அண்ணாச்சியைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மாசானம் கிணற்றடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். கல்லுக்குக் கீழே வெள்ளைச் சேலை தெரிந்தது. அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கயிற்றடிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. கப்பியைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். எல்லாம் அவர் கையால் மாட்டியது. எதன்மேலும் அவருக்கு இப்போது நம்பிக்கை வரவில்லை.

"அம்மா, வெளிய வாங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"தலைக்கு மேல கல்லு தொங்குது."

"தெரியும். நல்லா கட்டியிருக்கிய. வெயில் படல."

"விளையாடாதீங்கம்மா. உங்க காலைப் புடிக்கேன். எந்திரிங்க."

"சுடலைமுத்து குனிஞ்சு பாத்ததுக்கு ஊரே கேக்குத மாதிரி சத்தம் போட்டியளாமே. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவா சொல்லுதிய?"

மாசானம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தொங்குகிற பாரத்துக்குக் கீழே போனார். அம்மாவின் முன்னால் மண்டியிட்டார். இரண்டு பேரின் தலைக்கும் மேலே கல் இருந்தது.

"முதல் பாடம் என்னன்னு சொன்னிய அண்ணாச்சி?"

அவர் அம்மாவின் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"மாசி மாசத்துல இருந்து நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்," என்றார் அம்மா. "இன்னைக்குத்தான் உங்க கண்ணுல பட்டிருக்கேன்."

மாசானம் தலையைக் குனிந்தார். அழுகை சத்தமில்லாமல் வந்தது. கட்டையின்மேல் இருந்த அம்மாவின் வீங்கிய கால்களில் தண்ணீர் சொட்டியது. அம்மா துடைக்கவில்லை.

பிறகு அவரே அம்மாவைத் தூக்கினார். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி, கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பேச்சியம்மா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சங்கரபாண்டியனுக்கு என்ன நடந்தது என்று பாதிதான் புரிந்தது. டிரைவர் ஸ்ட்ரெச்சரோடு வந்தான். அவர் கையைக் காட்டி அவனைப் பாலத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

மாசானம் சங்கிலியிடம் போனார். இறக்குகிற பக்கத்தைப் பிடித்தார். இந்தத் தடவை கை வந்தது. ஒரு முழம் இழுத்தார். கப்பி கடகடவென்றது. கல் விரற்கடை அளவு இறங்கியது. அதோடு நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இதை இறக்கிட்டா எல்லாம் முடிஞ்சிரும்லாம்மா?"

"முடிஞ்சிரும்."

"அப்ப நீங்க?"

அம்மாவுக்கு மூச்சு முட்டியது. பேச்சியம்மா தண்ணீரைக் கொடுத்தாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இழுங்க அண்ணாச்சி. கல்லு கட்டைல உக்காருத வரைக்கும் நான் பாத்துக்கிட்டு இருக்கேன். அரைகுறையா விட்டுட்டு எந்திரிக்க மாட்டேன்."

மாசானம் சங்கிலியை இழுத்தார்.